நளினத்துக்கு மார்க்

நான் பிறவியிலேயே தடித்த உடம்புக்காரி. எங்கள் வீட்டில் எருமைத் தயிருக்குப் பஞ்சமில்லை. தின்ற தயிரெல்லாம் வேறெங்கும் போகாமல் என்மேலேயே தங்கிவிட்டது. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் படிக்க வந்து அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பேர் குதிர். தானியம் கொட்டி வைக்கிற அந்த மண் குதிரேதான். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். ஏனென்றால் பின்னல் கோலாட்டத்தில் என்னை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது.

அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உத்திரத்து வளையத்திலிருந்து எட்டு வண்ணக் கயிறுகள் தொங்கும். ஆளுக்கொரு கயிற்றை இடக்கையில் பிடித்து, வலக்கைக் கோலைத் தட்டிக்கொண்டு, எட்டுப் பேரும் உள்ளும் புறமுமாக ஒருத்தியை ஒருத்தி தாண்டிச் சுற்ற வேண்டும். மேலே சடை மாதிரிப் பின்னல் விழும். பிறகு எதிர்ப்பக்கம் சுற்றி அதை அவிழ்க்க வேண்டும். ஒருத்தி கால் பிசகினாலும் முடிச்சு விழுந்து எல்லாரும் நிற்க வேண்டியதுதான். முன்னால் போகிற சிவப்புக் கயிறு என்னுடையது. திரும்புகிற இடத்தில் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, இடுப்பை லேசாக வளைத்து, ஒரு கணம் நின்று போவேன். யாரும் சொல்லித் தரவில்லை, உடம்பே செய்துகொண்டது. அந்த ஒரு கணம் நான் அழகி என்று எனக்குத் தோன்றும். வேறு எப்போதும் தோன்றியதில்லை.

சேலத்தில் ஜில்லாப் பள்ளிகளுக்கெல்லாம் போட்டி வைக்கப் போகிறார்கள் என்றார்கள். எனக்குப் பதின்மூன்று வயது. வயதுக்கு வந்தால் மறுநாளே படிப்பு நின்றுவிடும், ஆட்டமும் அதோடு சரி. ஆகவே எனக்கென்று இருந்தது இந்த ஒரே போட்டிதான். சேலத்து மேடையில் ஒரே ஒரு தடவை ஆடிவிட்டால் போதும், அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று திருச்செங்கோட்டுக் கோயில் மலையைப் பார்த்துக் கும்பிடாத நாளில்லை.

போட்டிக்கு இரண்டு மாதம் முன்பே, நடுவராக இருக்கப்போகிற அம்மாள் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். சேலத்தில் பெரிய உத்தியோகஸ்தர் வீட்டு அம்மாள். பின்னல், தாளம், நளினம் என்று மூன்று கட்டம் போட்ட தாள் அவர் கையில் இருந்தது. நாங்கள் ஆடி முடித்ததும் எங்கள் டீச்சரம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். என் காது நன்றாகக் கேட்கும்.

“பின்னலுக்கும் தாளத்துக்கும் முழுசாவே போடலாம். அந்தச் சிவப்புக் கயிறு பொண்ணை வெச்சுக்கிட்டு நளினத்துக்கு எப்படிப் போடறது? எட்டும் ஒரே வார்ப்பா இருந்தா கண்ணுக்கு நல்லா இருக்கும்.”

டீச்சரம்மா கெட்டவர் இல்லை. வரிசையாக நின்று ஆடுகிற ஆட்டமாக இருந்திருந்தால் என்னைப் பின்வரிசைக்குத் தள்ளிச் சமாளித்திருப்பார். இது வட்டம். வட்டத்துக்கு ஏது பின்வரிசை? மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“நீ பாட்டுப் பாடு சாமி. உன் கயித்தை அந்த ஏழாங்கிளாஸ் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்துரு. உன்னைத் தவுர ஆருக்கு அந்தத் தடம் தெரியும்?”

“நான் தப்பே பண்ணலீங்களே, டீச்சரம்மா.”

“பண்ணலை. அதுதான் எனக்கும் சங்கடம்.”

வீட்டில் போய் அழுதேன். “உடு சாமி, ஆடித்தான் ஆவோணுமா? நம்மூட்டுப் புள்ளைக்கு ஒடம்பு தெம்பா இருந்தாப் போதும்” என்று சொல்லி அத்தை இன்னொரு கரண்டி தயிர் ஊற்றினார். கோபத்தில் அதையும் தின்று தீர்த்தேன்.

ஏழாம் வகுப்புப் பிள்ளை முருங்கைக்காய் மாதிரி இருப்பாள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. ஒருநாள் வேண்டுமென்றே ஒரு சுற்றைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன். கயிறு சிக்கிக்கொண்டது. கடைசியில் ஸ்டூல்மேல் ஏறி நின்று அந்தச் சிக்கை எடுத்தவளும் நானேதான். அதோடு அந்தப் புத்தியை விட்டேன். அந்தப் பிள்ளையோ என்னையே கண் கொட்டாமல் பார்ப்பாள். “எங்கீங்கக்கா வளையறீங்க?” என்று கேட்டு, என் இடுப்பில் கையை வைத்து, நான் திரும்பத் திரும்பக் கூடவே திரும்புவாள். பத்து நாளில் அவளுக்கு வந்துவிட்டது.

சேலத்தில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடினேன். பாவாடைக்குள் கால் மட்டும் அடி போட்டுக்கொண்டிருந்தது. பின்னல் விழுந்தது, பிசகில்லாமல் அவிழ்ந்தது. அவிழக் கூடாது என்று ஒரு மனசு கேட்டதை இப்போது ஒளிப்பானேன். எங்களுக்குத்தான் முதல் பரிசு.

பரிசு கொடுத்த பிறகு அதே அம்மாள் மேடையிலிருந்து இறங்கி வந்து, என் பக்கத்தில் நின்றிருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார்.

“திரும்பறப்ப ஒரு சாய்வு சாஞ்சியே, அதுக்குத்தாம்மா நளினத்துல முழு மார்க் போட்டேன்.”

அந்தப் பிள்ளைக்குப் பொய் வராது. “அதுங்களா? அது இந்தக்காவோடதுங்க. இவுங்க ஆடறதப் பாத்துத்தான் ஆடுனேன்” என்று என்னைக் காட்டினாள்.

அந்த அம்மாள் என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார். நான்தான் அந்தச் சிவப்புக் கயிற்றுப் பெண் என்று அவருக்கு ஞாபகம் வந்ததா என்பது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

“நல்லாப் பாடினே” என்றார்.

அந்த ஆடியில் நான் வயதுக்கு வந்தேன், பள்ளிக்கூடம் நின்றது. பிற்பாடு நான் ஆசைப்பட்டவற்றில் பலவும் கிடைத்தன, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சாய்வை நான் சாய்ந்தபோதே, அந்த அம்மாள் ஒரு கணம் என்னைப் பார்த்திருக்கலாம். அவர் எதிரில்தானே ஆடினேன்.