இந்திரகுமார் மச்சானும் நீல விளக்கும்

என் மச்சான் இந்திரகுமார் எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஃபெக்டரியில் முப்பது வருசத்துக்கு மேல் டீமேக்கராக இருந்தவர். டீமேக்கர் என்றால் தேநீர் போட்டுக் கொடுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். கொழுந்து வாடுவதில் தொடங்கி, தூள் மூட்டைக்குள் போகும் வரை எல்லாம் அவர் பொறுப்பு. அரைத்த கொழுந்து பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும். மாறுகிற சரியான நேரத்தில் அதை அடுப்புக்குள் விட வேண்டும். முந்தினால் பச்சை வாடை அடிக்கும், பிந்தினால் சாயம் செத்துப்போகும். மற்றவர்கள் அதற்குக் கடிகாரமும் வெப்பமானியும் பார்ப்பார்கள். மச்சான் ஒரு கை அள்ளி, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பார். "இப்ப" என்பார். அவர் "இப்ப" என்று சொல்லிவிட்டால் தோட்டத்தை நடத்தும் துரைகூட மறுபேச்சுப் பேசுவதில்லை.

அவ்வளவு காலம் ஒரு மனிதனின் கண்ணுக்கு ஊரே மரியாதை கொடுத்தால் தலைக்கனம் வராமல் இருக்குமா? வந்தது. நான் அவர் மனைவி கமலாட்சியின் தம்பி. மாத்தளை டவுனில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். நான் ஒரு புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனால், "நல்ல சட்டைதான் மச்சான், ஆனா நெறத்த நீயா தெரிஞ்செடுத்தே?" என்று கேட்பார்.

ஓய்வு பெற்று டவுனுக்கு வந்த பிறகு அவருக்குப் பார்த்துச் சொல்ல எதுவும் இல்லாமல் போனது. அக்கா போடும் தேத்தண்ணிதான் மிச்சம். காலையில் கோப்பையை ஜன்னலோரம் பிடித்து, "இன்னிக்குச் சாயம் சரி" அல்லது "இன்னும் கொஞ்சம் ஊறியிருக்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பார். அக்கா ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அவள் பொறுமைக்கு ஒரு மெடல் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வதுண்டு.

அவர்கள் மகள் விதுஷா கொழும்பில் வேலை செய்கிறாள். அவளோடு ஒரு பல் டாக்டரிடம் போன இடத்தில்தான் மச்சான் அந்தக் கண்ணாடித் தொட்டியைப் பார்த்தார். உப்புத் தண்ணீர், உள்ளே உயிருள்ள பவளங்கள், பச்சையும் ஊதாவும் செம்மஞ்சளுமாய். பல்லைப் பிடுங்கிய வலியைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிறங்களைப் பற்றியே பேசினார். அடுத்த மாதமே மாத்தளையில், கடலைவிட்டு இவ்வளவு தூரத்தில், அவர் வீட்டு ஹோலில் மூன்றடித் தொட்டியொன்று வந்து உட்கார்ந்தது.

எங்கள் டவுனில் அலங்கார மீன் கடை வைத்திருக்கும் யாகூப்தான் எல்லாவற்றையும் செய்து கொடுத்தார். நிதானமான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். பவளங்களைக் கொழும்பிலிருந்து வரவழைத்தார். கடலில் உடைத்தவை இல்லை, தொட்டியில் வளர்த்துப் பிரித்தவை என்று விசாரித்த பிறகுதான் வாங்கினார். விளக்கைப் பொருத்திய அன்று நானும் அங்கே இருந்தேன்.

"பவளத்துக்குச் சாப்பாடே வெளிச்சந்தான் ஐயா," என்றார் யாகூப். "அதுட ஒடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி ஒண்டு ஈக்கிது. அதுதான் வெளிச்சத்த வாங்கிச் சமைச்சுக் குடுக்கிற. வெளிச்சம் கொறஞ்சா பவளம் பழுப்பாகும். கூடினா வெளுக்கும். வெளுத்தா மிச்சம் கஷ்டம்."

அவர் தேர்ந்தெடுத்த விளக்கில் நீலம் கூடுதல், வெள்ளை குறைவு. கைப்பேசியிலேயே நேரம் குறித்து வைக்கலாம். காலையில் மெல்ல ஏறி, பகலில் நின்று, மாலையில் மெல்ல இறங்கி, இரவில் முழு இருட்டு. பவளத்துக்கும் தூக்கம் வேண்டுமாம். வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் ஒன்றையும் யாகூப் வெளியே எடுத்தார். மச்சான் அதைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"மீட்டரா? எனக்கா?" என்றார். யாகூப் சிரித்துக்கொண்டே அதைப் பைக்குள் வைத்துவிட்டார்.

முதல் இரண்டு வருசம் அந்தத் தொட்டி அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பொத்தான் போல வட்ட வட்டமாய் விரியும் பவளங்கள் பச்சை விளிம்போடு பாறையை மூடின. நடுவில் ஒரு பெரிய தோல் பவளம், குடை மாதிரி விரிந்து, மேலெல்லாம் சின்னச் சின்ன விரல்களை நீட்டிக்கொண்டு நிற்கும். மச்சானுக்கு அதன் மேல்தான் உயிர். ஹோல் முழுவதும் நீலமாகிவிட்டதில் அக்காவுக்கு மட்டும் குறை. "இட்லி நீலமாத் தெரியுதுங்க, வந்தவங்க பயப்படுறாங்க," என்பாள். நான் சிரித்தால் என் பல் பளிச்சென்று மின்னும். அதற்காகவே அங்கே போய்ச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

பிறகுதான் மச்சான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"பழுப்படிக்குது."

தோல் பவளத்தைக் காட்டித்தான் சொன்னார். பழுப்பென்றால் வெளிச்சம் போதவில்லை, யாகூப்பே சொன்னதுதானே என்று விளக்கைக் கூட்டினார். சில வாரம் போனது. இன்னும் பழுப்பாகத்தான் இருக்கிறது என்று வெள்ளையையும் கூட்டினார். மாலையில் விளக்கு இறங்கும் நேரத்தைத் தள்ளி வைத்தார். காலையில் ஏறும் நேரத்தை முன்னுக்கு இழுத்தார். ஒருநாள் நான் போனபோது, வீட்டு வாசலில் கள்ளனுக்காகப் பொருத்தியிருந்த பெரிய ஃப்ளட் லைட்டைக் கழற்றித் தொட்டிக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தார். ஏணியை அக்கா பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், இது பவளமா, கிரிக்கெட் கிரவுண்டா?" என்றேன்.

"ஒனக்கு நெறம் தெரியாது, சும்மா இரு," என்றார்.

எனக்கு நிறம் தெரியாதுதான். ஆனால் அந்தப் பவளம் எனக்கு வெள்ளையாகத் தெரிந்தது. கழுவிக் காயப்போட்ட துணி மாதிரி வெள்ளை. விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு குன்றிப்போய் நின்றது. பொத்தான்கள் பாதி மூடிக் கிடந்தன. அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே "பேசாதே" என்றாள். ஏணியிலிருந்து அவர் இறங்கியதும் அவளே மெல்லச் சொன்னாள்.

"எனக்கு வெளுத்துப்போன மாதிரித்தான் தெரியுதுங்க."

"வெளுப்பா? நல்லாப் பாரு புள்ள, கஞ்சித்தண்ணி மாதிரி மஞ்சப் பழுப்பு. முப்பது வருசமா நெறம் பார்த்தவனுக்குத் தெரியாதா?"

யாகூப்பும் ஒருமுறை வந்து பார்த்தார். "விளக்கக் கொறைங்க ஐயா, இல்லாட்டி எல்லாம் போயிரும்," என்றார். அந்தப் பொறுமைசாலியின் முகத்தில் அன்றைக்குத்தான் கவலையைக் கண்டேன். மச்சான் அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, "கடைக்காரனுக்கு நெறம் எங்க தெரியும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு ஃப்ளட் லைட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அக்கா இருந்ததால் பேசாமல் வந்துவிட்டேன்.

உண்மையில் அந்த நாட்களில் வேறு சில கூத்துகளும் நடந்தன. தீபாவளிக்கு அடித்த வெள்ளைச் சுவர் மஞ்சளாகிவிட்டதென்று பெயிண்ட்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டார். நீலச் சேலை என்று அக்காவுக்கு வாங்கி வந்தது சாம்பல் நிறச் சேலை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாள் அக்கா. நானும் அதை நம்பினேன். அவர் கண்ணைச் சந்தேகிக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கண்ணுக்கு நாங்கள் அத்தனை வருசம் பயந்து பழகியிருந்தோம்.

மழைக்காலத்தில் ஒரு காலை. ரிவர்ஸ்டன் பக்கம் மலை முழுக்க முகில் மூடிக் கிடந்தது. மச்சானுக்குத் தடிமன், தொண்டை கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்ட பாஸ் பேப்பர் கட்டொன்றை, பழைய பரீட்சைத் தாள்களை, கொடுத்துவிட்டுப் போகலாமென்று நான் வந்திருந்தேன். மருந்து குடிப்பதற்காக அக்கா வெள்ளைக் கோப்பையில் கொதித்தாறிய வெந்நீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, மாத்திரை எடுக்கத் திரும்பினாள்.

அவர் பழக்கப்படி கோப்பையை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார்.

"என்ன புள்ள, தேத்தண்ணி இவ்வளவு மெலிசா இருக்கு? சாயம் எறங்கவே இல்லையே."

நான் சிரிப்பதற்கு வாயைத் திறந்துவிட்டேன். கிண்டல் என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றாள். அவர் ஒரு மிடறு குடித்தார். பிறகு கோப்பைக்குள் மறுபடி பார்த்தார்.

"இது வெறுந்தண்ணியா?"

"ஆமாங்க."

மச்சான் கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்தார். திரும்பித் தொட்டியைப் பார்த்தார். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. எத்தனையோ தடவை என் சட்டையைக் கிண்டல் செய்த மனிதர்தான்.

கண் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கண்ணிலும் புரை, பல வருசமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுத்துவந்திருக்கிறது என்றார் டாக்டர். கண்ணுக்குள்ளே இருக்கிற வில்லை மஞ்சளாகிவிட்டால் நீலம் உள்ளே வராதாம், வெள்ளை மஞ்சளாகத் தெரியுமாம். மெல்ல மெல்ல நடப்பதால் ஆளுக்கே தெரியாதாம். பஸ்ஸில் திரும்பும்போது மச்சான் ஒன்றே ஒன்று சொன்னார்.

"அது வெந்துக்கிட்டு இருந்துருக்கு மச்சான். நான் மேல மேல நெருப்பக் கொட்டியிருக்கேன்."

அன்று மாலையே கைப்பேசியை அக்காவிடம் நீட்டினார். விளக்கை இனி அவளே பார்க்கட்டும் என்றார். அக்காவுக்கு அதில் விதுஷாவோடு பேசுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. யாகூப் வந்து சொல்லிக் கொடுத்தார். ஃப்ளட் லைட் மறுபடி வாசலுக்குப் போனது. நேரம் குறைந்தது, வெள்ளை குறைந்தது, நீலமும் பாதிக்கு இறங்கியது. அதுவும் கூடுதல்தான் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. தேயிலை நாற்றுமேடையில் முதலில் அடர்த்தியாக நிழல் போட்டு, கன்று தேறத் தேறக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வெயில் காட்டுவதை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். கட்டிலில் தொங்கிய பழைய நுளம்பு வலையை நாலு மடிப்பாக மடித்து விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் கட்டிவிட்டாள். யாகூப் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "மிச்சம் நல்லம் தாத்தா, அப்பிடியே விடுங்க," என்றார்; அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. மச்சானும் எட்டி அந்த மீட்டரைப் பார்த்தார்.

வாரங்கள் போகப் போக வலையில் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். தோல் பவளத்தின் ஒரு பக்கம் கருகி உதிர்ந்தது. மறுபக்கம் தாங்கிப் பிடித்தது. தினமும் மச்சான் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "இப்ப எப்பிடி இருக்கு?" என்று அவளைக் கேட்பார். அவள் இருப்பதை இருக்கிறபடி சொல்வாள். பொத்தான்களில் பாதி திரும்பவே இல்லை என்றும் சொன்னாள்.

ஒப்பரேஷனை முதலில் வலக்கண்ணில் மட்டும் செய்தார்கள். கட்டவிழ்த்து வீட்டுக்கு வந்தவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹோல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இவ்வளவு நீலமா?" என்றார். "சுவரு... சுவரு வெள்ளையாத்தான் இருக்கு."

"பெயிண்ட்காரன் பாவம்," என்றேன். அவர் காதில் விழவில்லை. தொட்டிக்குக் கிட்டப் போய் ஒரு கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார். பிறகு மற்றதை மூடிப் பார்த்தார். பழைய கண்ணுக்குப் பழுப்பு, புதுக் கண்ணுக்கு வெள்ளை. வெள்ளைக்கு நடுவே புதிதாய் நீண்டிருந்த ஏழெட்டுச் சின்ன விரல்கள். பச்சை விளிம்போடு ஓரத்தில் விரிந்த சில பொத்தான்கள். மாறி மாறி மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணீர் வந்தது. டாக்டர் கண்ணை நனைக்கக் கூடாதென்று சொன்னாரே என்று அக்கா முந்தானையால் பதமாக ஒற்றினாள்.

அப்போதுதான் அவர் அவளைக் கிட்டப் பார்த்தார்.

"கமலா, ஒனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"நீங்க லைட்டக் கூட்டுறதுக்கு ரொம்ப முன்னாடியே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னிடமா அவளிடமா என்று தெரியாமல் கேட்டார். "அப்ப ஃபெக்டரியில கடைசி காலத்துல நான் 'இப்ப'ன்னு சொன்னதெல்லாம்?"

அதைத்தான் அவர் கிளினிக்குக்குப் போன நாளிலிருந்து மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். "எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கும் மச்சான்" என்று சொல்ல எனக்கு ஆசை. அக்கா முந்திக்கொண்டாள்.

"தெரியலைங்க. நீங்க வீட்டுக்குக் கொண்டாந்த தூள் நல்லாத்தான் இருந்துச்சு. நான் குடிச்சேன்."

அவர் தலையாட்டினார். அந்தப் பதிலை அவர் ஏற்றுக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

அக்கா உள்ளே போய் மூன்று பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். வெளியே நல்ல வெயில். மச்சான் கோப்பையை வாங்கினார். கை பழக்கத்தில் ஜன்னல் பக்கம் போனது. புதுக் கண்ணால் உள்ளே பார்த்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு சரியாகப் பார்க்கிறார். தீர்ப்புக்காக நான் காத்திருந்தேன்.

அவர் கோப்பையை அக்கா பக்கமாக நீட்டினார்.

"நீ சொல்லு புள்ள. சாயம் எப்பிடி இருக்கு?"