ஜெமிமா அக்கா மணி அடிக்காத நாள்

சித்தூரில் நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் ஜெமிமா அக்கா அட்டெண்டர். பதினெட்டு வருடம் அவர் அடித்த மணிக்குத்தான் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், சாப்பிடப் போனார்கள். சர்க்குலர் கொண்டுவருவார், டி.சி.யில் முத்திரை குத்துவார். பெண்பிள்ளைகளுக்கான நாப்கினும் அவர் பீரோவில்தான் இருக்கும்.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு மணி பன்னிரண்டு நிமிடம் அடிக்கவே இல்லை. தலைமையாசிரியர் அனில் சார் வராந்தாவுக்கு வந்து கத்தினார்.

"ஏம்மா ஜெமிமா, தூங்கிக்கினு கீறியா? பசங்க பசியில சாவறாங்க!"

அக்கா பீரோ அறையில் இருந்தார். எதிரே எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவள் பெயரை நான் எழுதமாட்டேன். நாப்கின் வாங்க வந்தவள், வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள். பிறகு, பாட்டு மாஸ்டர் ஆர்தர் மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தன்னிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று சொல்லிவிட்டாள். அதில் பாதி எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். நானும் மாஸ்டரின் பாட்டுக் குழுவில் இருந்தவன். அவள் மட்டும் கடைசியில் நிறுத்தப்படுவதை "மாஸ்டரோட செல்லம்" என்று கேலி செய்தவர்களில் நானும் ஒருவன்.

அக்கா குறுக்கே பேசவில்லை. நீ ஏன் தனியாக இருந்தாய் என்று கேட்கவில்லை.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா."

"அந்த சத்தியம் என்னால பண்ண முடியாதும்மா. உன்னக் காப்பாத்தறவங்க கிட்ட சொல்லித்தான் ஆவணும். ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிய மாட்டேன். நீ சொன்னத நான் நம்பறேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

"அவரு இருக்கற ரூம்ல இனிமே என்ன நிக்க வெப்பாங்களா?"

"வெக்க மாட்டாங்க."

அந்த ஒரு வாக்கைத்தான் அவள் பிடித்துக்கொண்டு போனாள். அக்கா ஒரு பழைய சர்க்குலரின் பின்பக்கத்தில், அவள் சொன்ன வார்த்தைகளைச் சொன்னபடியே எழுதினார். தேதியும் நேரமும் போட்டார். அனில் சார் கையில் கொடுத்தார். அன்றைக்கே அவர் போலீசுக்குப் போன் செய்வார் என்று நம்பினார்.

அனில் சார் தாளை மடித்து மேசை டிராயருக்குள் போட்டார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாள், சண்டை போட்டவர்கள் கைகொடுத்துச் சேர்ந்து ஜெபம் செய்யவேண்டும். ஒப்புரவு என்று பெயர். குழாயடிச் சண்டைக்கு அது நல்ல வழக்கம்தான். சபை மூப்பருமான அனில் சார் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

சனிக்கிழமை அந்தப் பெண்ணைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவள் வீட்டில் கும்பிடுவது கெங்கம்மாவை. திருவிருந்து என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. அம்மா ரேகாவுக்குத் தகவல் இல்லை. உள்ளே இரண்டு டீச்சர்கள், படிய வாரிய தலையோடு ஆர்தர். ஐந்து டீ கொண்டுவரும்படி ஜெமிமா அக்காவுக்கு உத்தரவு.

அக்கா தட்டோடு நுழைந்தபோது அனில் சார் தேன் ஒழுகப் பேசிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர் மன்னிப்பு கேட்டுட்டாரு பாப்பா. நீயும் மன்னிச்சிட்டேன்னு சொல்லி கை குடு. ஜெபம் பண்ணி முடிச்சிடலாம்."

ஒரு டீச்சர் சொன்னார்: "நீயும் கொஞ்சம் அடக்கமா இருந்திருக்கலாம் இல்ல?"

ஆர்தர் தட்டிலிருந்து முதல் ஆளாக ஒரு பிஸ்கட்டை எடுத்து டீயில் நனைத்தான். இனி அவனுக்கு மரியாதை 'ர்' போட்டு எழுத என் கை வரவில்லை.

அந்தப் பெண்ணின் கை பாதி நீண்டிருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

அக்கா தட்டைத் தரையில் வைத்தார். "வாம்மா, வெளிய போலாம்."

"ஜெமிமா! ஜெபத்துக்கு நடுவுல இன்னா இது?"

"இது ஜெபமா சார்? நாலு பெரியவங்க சேந்து ஒரு கொயந்தைய மெரட்றீங்க. கர்த்தருக்கே வாந்தி வரும் சார்."

ஆபீஸ் போனிலிருந்து குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைத்தார். மறுமுனையில் ஒரு பெண், பாப்பா இப்போது உங்களிடம் இருக்கிறாளா என்று தெலுங்கில் கேட்டார். "உந்தி மேடம், நா பக்கனே உந்தி," என்று, பக்கத்திலேயே இருப்பதாக அக்கா சொன்னார். அவள் கையை அவர் விடவில்லை.

ரேகா மாம்பழக்கூழ் ஃபேக்டரியிலிருந்து தலைத்தொப்பியைக் கூடக் கழற்றாமல் ஓடிவந்தார்.

"எம் பொண்ணு இன்னாக்கா பண்ணா?"

"அவ ஒண்ணும் பண்ணல. வாயத் தொறந்து சொன்னா. பெரிய காரியம் அது."

அன்று மாலையே போலீசார் வந்து ஆர்தரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் திருவிருந்தில் அனில் சார் முதல் வரிசையில் மண்டியிட்டு, கண்ணை மூடி, கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். ஜெமிமா அக்கா வாங்காமல் எழுந்து வெளியே போனார். "சபை மானத்த வாங்கிட்டா" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். தகவலை மறைத்ததற்காக அனில் சார் மீதும் வழக்குப் பதிந்தார்கள். இருந்தும், அடுத்த மாதம் ஹாஸ்டல் சமையலறைக்கு மாற்றப்பட்டது அக்காதான்.

அவரிடம் பேசினால் இதைப் பற்றிப் பெருமை எதுவும் வராது.

"தப்பு எம்மேலயும் கீது. சார் கையில குடுத்தா முடிஞ்சிதுன்னு நெனச்சேன். இப்படி ஒண்ணு தெரிஞ்சா யாரா இருந்தாலும் நேரா போலீசுக்கு சொல்லணும், அட்டெண்டரா இருந்தாலும் சொல்லணும்னு போலீஸ் மேடம் அப்புறம்தான் சொன்னாங்க. வியாழக்கிழமையே நான் போன் பண்ணியிருந்தா, அந்த ரூம்ல அவ நின்னிருக்க மாட்டா."

இந்த மார்ச்சில் அவளைக் கோர்ட்டில் விசாரித்தார்கள். அக்கா லீவு போட்டுவிட்டு வந்தார். அவளை மட்டும் நிறுத்திவைத்ததைப் பற்றிச் சாட்சி சொன்ன நானும் வெளியே இருந்தேன். பெயரைக் கூப்பிடும் நேரத்தில் அந்தப் பெண் பெஞ்சை விட்டு எழவில்லை.

"அக்கா, அவன் அந்த ரூம்ல இருப்பானா?"

இந்த முறை அக்கா வாக்குக் கொடுக்கவில்லை. அங்கிருந்த போலீஸ் மேடத்திடம் கேட்டுக்கொண்டு அறைக்குள் போனார். சிறிது நேரம் கழித்து வந்தார்.

"நடுவுல ஸ்கிரீன் கட்டிக் கீறாங்க. நீ உக்கார்ற சேர்ல நான் உக்காந்து பாத்தேன், அந்தாண்ட ஒண்ணும் தெரியல. அந்தாண்டயும் போய் நின்னு பாத்தேன். உஞ் சேரு தெரியல."

அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.