மலைக்குக் கொண்டுபோன சைக்கிள்

சாவகச்சேரி ரயில் நிலையத்தில் ஒரு ரீச்சர் பெட்டியிலிருந்து சைக்கிளை இறக்கினார். ஐம்பது வயதிருக்கும். சப்பாத்தில் செம்மண் காய்ந்திருந்தது. சமதரையிலும் ஏற்றம் ஏறுவதுபோல முன்னே சாய்ந்தே நடந்தார்.

கைகொடுக்கப் போன நான், தேயாத ரயரைப் பார்த்து, “புதுசே அக்கா?” என்றேன்.

“இல்லைத் தங்கச்சி, மூண்டு வருசம். அப்புத்தளைக்கு மாற்றம் வரேக்கை, பள்ளிக்கூடம் போக வேணுமெண்டு கொண்டுபோனன். முதல் நாள் ஏற்றம் முழுக்க உருட்டினதுதான். அடுத்த நாள் விட்டிட்டு நடந்தன். பிறகு லீவு நாளிலையும் நடந்தன். இப்ப அந்தப் பக்கத்திலை நான் ஏறாத மலை இல்லை.”

ரீச்சரைக் கூட்டிப்போக வந்த அவரது தம்பி என்னிடம், “அக்காவுக்கு மூச்சிழுப்பு. போகவேண்டாமெண்டு எவ்வளவு கெஞ்சினனாங்கள்” என்றார்.

“இனி உது உன்ரை. நீ ஏறி ஓடு” என்று அவரிடம் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, ரீச்சர் பையைத் தோளில் மாட்டி நடக்கத் தொடங்கினார். அக்கா நடக்கத் தான் சைக்கிளில் போவதா என்று நினைத்தாரோ என்னவோ, தம்பியும் உருட்டிக்கொண்டே பின்னால் போனார். சந்திக்கு முன்பே நின்று மூச்சு வாங்கினார்.

ரீச்சர் திரும்பி நின்றார்.

“ஆறுதலா வா, தம்பி. இஞ்சை ஏற்றமே இல்லை.”