ராக்கெட் சங்கத்துச் சாவி

என் தங்கை மாதுமை இப்போது இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறாள். அவளை நாங்கள் ராக்கெட் விட அனுப்பவில்லை, விமானப் பொறியியல் படிக்கத்தான் அனுப்பினோம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் அப்பா விஸ்வலிங்கம், மகள் விமானம் படிக்கிறாள் என்று எங்கள் ஊர் சிலிபின் முழுக்கச் சொல்லித் திரிந்தார். முதல் பருவம் முடிவதற்குள் அவள் பல்கலைக்கழகத்தின் மாணவர் ராக்கெட் சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். பாடத்தைப் படிக்கவே நேரமில்லாத பிள்ளைக்குச் சங்கம் ஒரு கேடா என்று நான் திட்டினேன். அவள் காதில் வாங்கவில்லை.

படிப்பு அவளை ஒரு விதத்தில் மாற்றியிருந்தது. விமானத்தில் முக்கியமான எதுவும் ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாதாம். ஒன்று கெட்டால் இன்னொன்று கைகொடுக்க வேண்டுமாம். விடுமுறைக்கு வந்தவள் எங்கள் வீட்டையே விமானமாக்கினாள். கேட் சாவிக்கு நகல், டார்ச் லைட்டுக்கு ஜோடி, கேஸ் சிலிண்டர் தோங்குக்குப் பக்கத்தில் இன்னொரு தோங்.

"அப்போ மாப்பிள்ளையும் ரெண்டு பாக்கணுமா?" என்று அப்பா கேட்டார். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அம்மா சரோஜாதேவி சிரிக்கவில்லை. நீ கிட்ட நிக்கும்போது ராக்கெட்டு கிளம்பிட்டா என்ன பண்ணுவ என்று நாளெல்லாம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் மாதுமை பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதப் பாருங்கம்மா. இந்தச் சாவிய போட்டாத்தான் சுவிட்ச் பெட்டியில கரண்டு வரும். ராக்கெட்டு கிட்ட யார் போறாங்களோ, அவங்க இதக் கழட்டி கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் போகணும். அதான் சங்கத்துச் சட்டம். சாவி என் கழுத்துல இருக்கற வரைக்கும் ராக்கெட்ட யாராலயும் விட முடியாது."

"வேற சாவி இல்லியா?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா."

அம்மா அந்தச் சாவியைச் சாமி மேடையில் வைத்துக் கும்பிட்டு, சிவப்புக் கயிறு கோத்து, திருநீறு பூசி அவள் கழுத்தில் போட்டாள். அதற்குப் பிறகு அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சங்கத் தலைவன் கோலின், மாதுமையின் வகுப்புதான். அவனுடைய அப்பா செபாஸ்டியன், கோப்பெங் ஊரைத் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர். ரப்பரை வெட்டிவிட்டார்கள், செம்பனை இன்னும் நடவில்லை. அடிக்கட்டைகளும் லாலாங் புல்லுமாகக் கிடந்த அந்த வெளியில்தான் இவர்கள் ராக்கெட் விட்டார்கள். ஒரு முறை கயிறு அறுந்து சாவி லாலாங்கில் விழுந்துவிட்டது. எல்லாரும் முட்டிபோட்டுத் தேடினார்கள். அது கிடைக்கும்போது மழை பிடித்துக்கொண்டது, அன்றைக்கு ராக்கெட் போகவில்லை. அம்மா வேறு கயிறு கோத்துக் கொடுத்தாள்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு மாதுமை போகவில்லை. அவளுக்கு அன்று தேர்வு. அங்கே கோலின் எழுந்து, "ஒரே ஒரு சாவிய நம்பி எல்லாத்தையும் வச்சிருக்கோமே, இதையா நாம படிச்சோம்?" என்று கேட்டிருக்கிறான். எல்லாரும் கை தூக்கியிருக்கிறார்கள். ஈப்போவில் ஒரு சாவிக்கடையில் நகல் வெட்டி, தொலைந்தால் மட்டும் எடுப்பது என்று சுவிட்ச் பெட்டிக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். மாதுமையிடம் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஆளாளுக்கு இருந்துவிட்டார்கள். இவர்களில் ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

இதெல்லாம் கோலின் பிறகு அழுதுகொண்டே சொன்னது. இந்த வருடம் ராக்கெட் விட்ட அன்று, எல்லாருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். முன்பு விடியலில் தோட்டத்து ஆட்களுக்குப் பேர் கூப்பிட்ட பெரட்டுக்களத்தில் மேசை போட்டிருந்தார்கள். மேசைமேல் பெட்டி, அதிலிருந்து நீண்ட வயர், வயரின் முனையில் தூரத்தில் ராக்கெட். சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. செபாஸ்டியனின் நாய் மேசைக்கு அடியில் புகுந்தது, யார் கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

"மழைக்கு முன்னாடி விட்டுரலாம் லா," என்றான் கோலின்.

எண்ணினார்கள். கோலின் பட்டனை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை.

சட்டப்படி கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு மாதுமை பெட்டியிலிருந்து சாவியை உருவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நெஞ்சில் தட்டிக் காட்டினாள்.

"பயப்படாத அக்கா, சாவி இங்கதான் இருக்கு. கிளிப்பு கழண்டிருக்கும், பாத்துட்டு வாரேன்."

கட்டைகளைத் தாண்டித் தாண்டி நடந்து போனாள். இடி உருண்டது. கோலின் பெட்டியையே முறைத்துக்கொண்டு நின்றான்.

"கோளாறு இந்தப் பெட்டியில இருந்தா சுசா லா, கஷ்டம்தான். அவ அங்க தேடி என்ன பிரயோஜனம்?" என்றபடி பெட்டியைக் கவிழ்த்து டேப்பைப் பிய்த்தான். நான் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பெட்டியில் ஒரு சாவி இருந்தது. அதில் சிவப்புக் கயிறு இல்லை. பெட்டியின் விளக்கு எரிந்தது.

"கோலின், அது என்ன சாவி?"

"ஸ்பேர் அக்கா. பட்டன் வேல செய்யுதான்னு பாக்கறேன். அவ எப்பவும் வயர முதல்ல கழட்டிருவா."

எப்போதும் கழற்றுகிறவள்தான். அன்று மழை வந்துகொண்டிருந்தது, சாவியும் கழுத்தில் இருந்தது, எதற்குக் கழற்ற வேண்டும்? மண்டியிட்டு, தளர்ந்திருந்த கிளிப்பைப் பிடித்துச் சரியாக அழுத்தினாள். கோலின் விரல் பட்டனில் இருந்தது. அவன் வயரை நம்பினான், அவள் சாவியை நம்பினாள்.

"மாது!" என்று கத்தினேன். அவள் திரும்பவும் ராக்கெட் தீயைக் கக்கிக் கிளம்பவும் சரியாக இருந்தது. அந்தத் திரும்பல்தான் கண்ணைக் காப்பாற்றியது என்று டாக்டர் பிறகு சொன்னார். ராக்கெட் நேராகப் போனதாம், பாராசூட்டும் விரிந்ததாம். நான் மேலே பார்க்கவில்லை. ஓடுவதற்கு முன் அந்தச் சாவியைப் பிடுங்கினேன். ஏன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. பெட்டியை அப்படியே தூக்கிப் போட்டு உடைத்திருக்க வேண்டும்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் அவளுடைய வலது கையை முழங்கை வரை கட்டியிருந்தார்கள். ஒரு காது கேட்கவில்லை. கோலினும் செபாஸ்டியனும் வெளியே சுவரோரம் நின்றார்கள், உள்ளே வரத் துணியவில்லை. அம்மா, மாதுமைக்குக் கேட்கும் காதுப் பக்கம் போய் நின்றாள். மகளின் கழுத்தில் கிடந்த சிவப்புக் கயிற்றை விரலால் இழுத்துச் சாவியை வெளியே எடுத்தாள்.

"சாவி உன்கிட்டதானே இருந்துச்சு?"

"என்கிட்டதாம்மா இருந்துச்சு. எப்படின்னே தெரியலம்மா."

என் கைப்பையில் இருந்த மற்றச் சாவியை எடுத்துப் போர்வைமேல் வைத்தேன். அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்னு சொன்னியே."

மாதுமை இடது கையை நீட்டி, ஒரு சாவியை இன்னொன்றின்மேல் வைத்துப் பார்த்தாள். பல்லுக்குப் பல் பொருந்தியது. கோலின் அழுதுகொண்டே சொன்ன அந்தக் கூட்டத்துக் கதையை நான் அவளிடம் சொன்னேன். கோலினை அடிக்கப் போகிறாள், கத்தப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

"நான் அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தா," என்றாள், "நானும் கை தூக்கியிருப்பேன் அக்கா."