வாடிய அரளி

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். வேலியோரம் வரிசையாக அரளி நிற்கிறது. கசப்பதால் மாடு அதில் வாய் வைக்காது என்ற தைரியம். சென்ற வருடம் அரளியைக் கழித்து, கிளைகளைச் சோளத்தட்டுப் போரின் மேலேயே போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் தட்டு வெட்டும் மெஷினில் அவையும் சேர்ந்து போனதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் எங்கள் மயிலைப் பசு வாயில் நுரை தள்ளி, நிற்க முடியாமல் தள்ளாடியது. வீட்டுக்காரர் மொபெட்டில் போய்க் கால்நடை டாக்டரை அழைத்து வந்தார். அவர் தீவனத்தைக் கிளறிப் பார்த்தார்.

"பச்சையாத்தான் கசக்கும் அம்மணி. வாடிப்போச்சுன்னா மாடு தின்னுபோடும். விஷம் மட்டும் கொறையாதுங்க."

கரித்தூளைக் கரைத்துப் புகட்டி, ஊசி போட்டு, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "நெஞ்சு உட்டு உட்டு அடிக்குதுங்க."

"எனக்கும் அப்படித்தானுங்க. அதுக்குத்தான் தெனமும் ஒரு மாத்திரை" என்று மாமனார் தன் மாத்திரை டப்பாவைக் காட்டினார்.

டாக்டர் அதை வாங்கி மருந்தின் பெயரைப் படித்தார். "இதுவும் ஒரு செடியில எடுக்கறதுதானுங்க. அரளி விஷத்துக்குப் பங்காளி. அளவோட குடுத்தா நெஞ்சைக் காப்பாத்தும். மிஞ்சுனா நிறுத்திப்போடும்."

முந்தின நாள் மறந்ததற்கும் சேர்த்து, அன்று மாமனாருக்கு மாத்திரையை இரண்டாகக் கொடுக்கச் சமையலறையில் எடுத்து வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லாமல் போய் ஒன்றை எடுத்து, பிறகு அவர் டப்பாவில் திரும்பப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து மயிலை தானாக எழுந்து தட்டு கடித்தது. இப்போதெல்லாம் அரளியைக் கழித்த கையோடு குழியில் போட்டு மூடுகிறேன். மாத்திரை கொடுத்ததும் காலண்டரில் கோடு போடுகிறேன். ஒரு நாள் விட்டுப்போனால், அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.