வெங்காயக் காட்டுச் சட்டைகள்

"…அவ ஒரு தடவ கூப்புட்டாப் போதும், ஊருல உள்ள அத்தன பொம்பளைங்களும் தூக்குவாளியத் தூக்கிக்கிட்டு ஓடியாராளுங்க. நான் கூப்புட்டா மட்டும் ஒருத்திக்கு இடுப்பு புடிச்சுக்குது, இன்னொருத்திக்குச் சம்பந்தி வூட்டுலேந்து ஆளு வந்துடுது" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நான் ஒருத்திதான் நின்றேன். என்னிடம் சொல்வதற்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் காட்டில் வரிசையாகக் குனிந்திருந்த முதுகுகளுக்குத்தான் அந்தப் பேச்சு.

பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி. ஒரே காடாக இருந்ததைப் பாகம் பிரித்து நடுவில் ஒரு வரப்பு போட்டிருந்தார்கள். அந்தப் பக்கமும் சின்ன வெங்காயம், இந்தப் பக்கமும் சின்ன வெங்காயம். ஒரே வாரத்தில் ஊன்றியது, ஒரே மாதிரி விளைந்து தாள் சாய்ந்து கிடந்தது. ஆனால் அந்தப் பக்கம் பாதிக் காடு பிடுங்கியாகிவிட்டது. இந்தப் பக்கம் பிடுங்க ஒரு கை கிடையாது. செட்டிகுளம் மலைக்கோயிலுக்குப் பின்னால் புரட்டாசி மேகம் ஏறிக்கொண்டிருந்தது. நனைந்த வெங்காயம் பட்டறைக்கு ஆகாது. கல்லை அடுக்கி மேலே கழி பரப்பி, சுற்றிலும் காய்ந்த பருத்திமார்க் குச்சி வைத்துக் கட்டி, கீற்று வேய்ந்த பட்டறை ஒன்றை அப்பா முன்கூட்டியே கட்டித் தயாராக வைத்திருந்தார். வெங்காயத்தை அதில் காற்றாட வைத்திருந்து, அடுத்த பட்டத்துக்கு விதையாக விற்பது அவர் திட்டம். எங்கள் வீட்டின் அந்த வருஷம் முழுக்க அந்தக் காலிப் பட்டறைக்குள்தான் இருந்தது.

வெங்காயம் பிடுங்குவதும் தாள் அறுப்பதும் எங்கள் பக்கத்தில் பெண்கள் வேலை. உழுவது, மருந்தடிப்பது, விலை பேசுவது ஆண்களுக்கு. மீதியெல்லாம் பெண்களுக்கு. மீதி என்று சொல்லிவிடுகிறோமே தவிர, விதை ஊன்றுவதிலிருந்து கடைசிக் கூடை வரை எல்லாம் அந்த மீதியில்தான் வரும்.

வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் அவரவர் வீட்டு ஆம்பளையின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். தலையில் ஒரு துண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கூட்டம் ஆம்பளைகள் மண்ணைக் கும்பிட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும். பெரியம்மா போட்டிருப்பது பெரியப்பாவின் நீலச் சட்டை. அவர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். பகலில் தூங்குவார், அல்லது ஊரில் இருக்க மாட்டார். அதனால் காட்டைப் பார்ப்பது, மாட்டைப் பார்ப்பது, வேலைக்கு ஆள் சொல்வது எல்லாம் பெரியம்மாதான். யார் காட்டில் களையெடுப்பு என்றாலும் அந்த நீலச் சட்டை அங்கே தெரியும். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அவள் குரல்தான் வாசலில் முதலில் கேட்கும்.

அம்மாவிடம் அப்படி ஒரு சட்டை கிடையாது. அப்பா போர் போட்டு, அதில் தண்ணீரும் வந்து, டீக்கடை பெஞ்சில் நாலு பேர் நகர்ந்து இடம் கொடுக்கிற ஆளான பிறகு, "நம்ம வூட்டுப் பொம்பள அடுத்தவங்க காட்டுல குனியக் கூடாது" என்று சொல்லிவிட்டார். ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுப்பது போல அத்தனை பெருமையாக அதைச் சொன்னார். அன்றிலிருந்து அம்மா கருப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றாள். மத்தியானம் மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்காரும்போது இவள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள்.

ஆண்டிமடம் பக்கத்துப் பெண் அவள். கல்யாணத்துக்கு முன்னால் முந்திரிக் கொல்லையில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே பழத்திலிருந்து கொட்டை திருகியவள். எங்கள் ஊரில் இன்னமும் அவளுக்கு ஆண்டிமடத்தா என்றுதான் பெயர்.

எனக்கும் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. பெரியம்மா மகள் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். காலாண்டுப் பரீட்சை லீவில் அவளும் காட்டுக்கு வருவாள். வேலை ஒன்றும் செய்ய மாட்டாள். ஆனால் மத்தியானம் தூக்குவாளிகள் திறக்கும்போது அவளைப் பார்க்க வேண்டும். ஒருத்தி கருவாட்டுத் துண்டு நீட்டுவாள், ஒருத்தி கத்திரிக்காய்க் கூட்டு வைப்பாள், இன்னொருத்தி பழைய சோற்றில் ஒரு உருண்டை பிடித்து வாயிலேயே கொடுப்பாள். அந்த ஒரு வாய்க்குள் ஊர் முழுக்கச் சமைத்தது போய்க்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் முட்டையும் ரசமும் இருந்தும், நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவேன். அவளுக்கு மட்டும் அத்தனை அம்மாக்கள் எப்படிக் கிடைத்தார்கள் என்று யோசிக்க யோசிக்க சோறு இறங்காது.

ஆள் இல்லாத கவலையை அப்பா தன் செல்போனில் தீர்க்கப் பார்த்தார். ஊரில் முதலில் செல்போன் வாங்கிய ஐந்தாறு பேரில் அவர் ஒருவர். வெங்காய வியாபாரி, உரக்கடை, லாரிக்காரர், கரண்டு ஆபீஸ் என்று எல்லா நம்பரும் அதில் இருந்தது. ஒரு பெண்ணின் நம்பர்கூட இல்லை. எந்தப் பெண்ணிடமும் அப்போது போன் இல்லை, அதனால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. டீக்கடையில் உட்கார்ந்து, வருகிற ஆம்பளைகளிடம் எல்லாம் சொன்னார். "அதுக்கென்ன மாமா, காலையில அனுப்பிடறேன்" என்றார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் அனுப்புகிறேன் என்றார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, "ஆளு ரெடி" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் ஆள் வந்தது. வந்தவர்கள் அந்த ஆம்பளைகளேதான்.

நடந்தது என்னவென்றால், ஒவ்வொரு வீட்டிலும் ராத்திரி ஒரே பஞ்சாயத்து. "நான் வரேன்னு யாருகிட்டச் சொன்னேன்? வாக்குக் குடுத்த வாயே போயிப் புடுங்கட்டும்" என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். மற்றவர்களும் ஏறக்குறைய அதையே சொல்லிவிட்டு, காலையில் தூக்குவாளியோடு பெரியம்மா காட்டுக்குப் போய்விட்டார்கள். அப்பாவின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று புருஷன்மார்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எங்கள் காட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அவர்களுக்குக் குந்தி உட்கார்ந்து நகரத் தெரியவில்லை. சாக்கை மடித்துப் போட்டுச் சம்மணமிட்டார்கள். பிடுங்கியதில் பாதி மண்ணோடு வந்தது. போகட்டும் என்றால், தாளை அறுப்பதில்தான் வினை. வெங்காயத் தலைக்கு மேலே கொஞ்சம் கழுத்து விட்டு அறுக்க வேண்டும். அப்போதுதான் வாய் மூடிக் காய்ந்து பட்டறையில் நிற்கும். இவர்கள் ஒட்டி வெட்டி மொட்டையடித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா குடையோடு ஓடினாள். "அண்ணே, கழுத்து வுட்டு அறுங்கண்ணே. இப்புடி அறுத்தா பட்டறையில அழுவிப்போயிடும்."

"வெங்காயத்துக்கு ஏது தங்கச்சி கழுத்து?" என்றார் ஒருவர், நிஜமாகவே தெரியாமல்.

வரப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "அவருக்குப் பொண்டாட்டி கழுத்தே எங்க இருக்குன்னு தெரியாது, வெங்காயக் கழுத்தக் கேக்குற" என்று ஒரு குரல். "தெரிஞ்சா ஒரு குண்டுமணித் தங்கம் வாங்கிப் போட்டுருக்க மாட்டாரா" என்று இன்னொரு குரல். கேட்டவர் காது வரை சிவந்துபோய், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். மற்றவர்களும் துணைக்குப் போனார்கள். திரும்பி வர அவர்கள் அவசரப்படவில்லை. வந்ததும் அம்மா, "போதும்ணே, நீங்க போங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மொட்டை வெங்காயம் ஒரு குவியலாகக் கிடந்தது. அதை அன்றைக்கே கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

அவர்கள் போன பிறகுதான் அம்மா வரப்பில் ஏறி நின்று, நான் முதலில் சொன்ன அந்தப் பேச்சை ஆரம்பித்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டவளும் சம்பந்தி வந்தவளும் எதிரிலேயே குனிந்திருந்தார்கள்.

குளத்துமேட்டு அக்கா மட்டும் நிமிர்ந்தாள். குளத்துக்கரை ஓரமாக ஒரு துண்டு நிலம் வைத்திருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். புருஷன் இல்லாதவள். அவள் போட்டிருந்தது அவளுடைய தம்பியின் கட்டம்போட்ட சட்டை. "ஏன் ஆண்டிமடத்தா, போன பட்டத்துல எங்காட்டுல வெங்காயம் ஊனறப்ப எல்லாரும் வந்தாங்க. உன்னயும் தேடுனேன். வரப்பு மேல ஒரு கொடதான் போச்சு."

"நான் வரமாட்டேன்னா சொன்னேன்? எங்க வூட்டுல…" என்று அம்மா நிறுத்தினாள்.

"ஏன், உங்க வூட்டுல சட்ட இல்லியா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மா மகளும் சிரித்தாள். எனக்கு அவள் தலைமயிரைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது.

பெரியம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, "வுடுங்கடி, அவ மகராசி" என்றாள். "எனக்குந்தான் ஒரு நாளாச்சும் கொடையப் புடிச்சிக்கிட்டு வரப்புல நிக்கணும்னு இருக்கு. எங்க வூட்டுக்காரருக்கு நான் வெயில்ல நிக்கிறனா நெழல்ல நிக்கிறனான்னா தெரியப்போவுது?"

அம்மாவைக் குத்துவதற்காகப் பெரியம்மா சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். குடையைப் போய் யாராவது பொறாமையாகப் பார்ப்பார்களா? ஆனால் அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அம்மா பெரியம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வெயில் இருக்கும்போதே குடையை மடக்கினாள்.

அன்று சாயங்காலம் அப்பா போனில் யாரிடமோ பேசினார். காலையில் பெரம்பலூர் போய், வெளியூர் ஆளை வேனில் ஏற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அம்மா பித்தளைத் தூக்குவாளியைத் தேடி எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வெங்காயம் என்ன ஆயிற்று என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். அந்த வருஷம் மழை வருவது போல வந்து வந்து போய், கடைசியில் ஒரு சாயங்காலம் ஊற்றித் தீர்த்தது. வரப்போரத்தில் நாலு பாத்தி நனைந்தது, மற்றதெல்லாம் அதற்குள் பட்டறைக்குள் போய்விட்டது, கழுத்தோடு. வேன் வரவேயில்லை. அப்பா பெரம்பலூர் போகவும் இல்லை. போக முடியாதபடி மறுநாள் காலையில் அம்மா ஒரு காரியம் செய்தாள்.

டவுனுக்குப் போகிற நாளில் போடுவதற்கென்று அப்பா ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருந்தார். பையில் செல்போன் வைத்தால் வெளியே தெரிகிற மெல்லிய துணி. தேய்த்து ஆணியில் மாட்டியிருந்தது. அப்பா குளிக்கப் போயிருந்தார். அம்மா அதை எடுத்துச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, அது நல்ல சட்டைம்மா."

"இருக்கட்டும். நல்லதாத்தான் இருக்கட்டும்" என்று சொல்லி, கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டு, கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டாள். ஒரு கையில் தூக்குவாளி, ஒரு கையில் அரிவாள். நான் பின்னால் ஓடினேன்.

மேகம் இன்னும் கறுத்திருந்தது. எங்கள் காடு வந்தது. அம்மா நிற்கவில்லை. "நம்ம காடு இங்கதான இருக்கு" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிடுங்கி முடித்துக் கிடந்த பெரியம்மா காட்டையும் தாண்டிக் குளத்துக்கரைக்கு நடந்தாள். இன்று ஒருத்தி காடு, நாளை இன்னொருத்தி காடு என்று பெண்கள் மாறி மாறிச் செய்துகொள்கிற வேலையில் அன்றைக்கு முறை குளத்துமேட்டு அக்காவுடையது. துணி காயப்போட்டால் முடிந்துவிடும் அளவு நிலம். எங்கள் வெங்காயம் அத்தனையும் மழைக்குக் காத்துக் கிடக்க, அம்மா யாருடைய வெங்காயத்தையோ பிடுங்கப் போகிறாள். கூலிக்குப் போகிற அளவுக்கு நாங்கள் ஏழையாகிவிட்டோம் என்று நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

வரிசையில் பேச்சு நின்றது. "யாருடி அது, புது மாப்ள மாதிரி?" என்றாள் குளத்துமேட்டு அக்கா.

"எடம் வுடுங்கடி" என்றாள் அம்மா. பெரியம்மா நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பா கரையில் வந்து நின்றார். பனியன், வேட்டி, கையில் போன். அதைப் போட்டுக்கொள்ளப் பை இல்லை. அது இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. அவர் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். எல்லாம் சட்டைகள், எல்லாம் குனிந்த முதுகுகள். கடைசியில் வெள்ளையைக் கண்டுபிடித்தார். கூப்பிட வாயெடுத்தவர், ஏனோ கூப்பிடவில்லை.

"ஆண்டிமடத்தா மவளே, ஏன் அழுவுற? வாயத் தொற" என்று யாரோ என் வாயில் புளிச்சோறு ஒரு உருண்டை வைத்தார்கள். அதை மென்றுகொண்டே நான் அம்மாவின் முதுகைப் பார்த்தேன். செம்மண் பட்டால் அந்த வெள்ளையில் கறை போகாதே, அப்பா இனி டவுனுக்கு எதைப் போட்டுக்கொண்டு போவார் என்பது மட்டும்தான் எனக்குக் கவலை.

அப்பா நிற்பது அம்மாவுக்குத் தெரிந்தது. அவள் நிமிரவில்லை. கையில் இருந்ததைக் கழுத்து விட்டு அறுத்துக் குவியலில் போட்டுவிட்டு, பெரியம்மா காதில் என்னவோ சொல்லிச் சிரித்தபடி அடுத்த தாளைப் பிடித்தாள்.