டெல்மர் காட்டிய சான்று

கென்டக்கி மலையில் இருபது வருடம் நிலக்கரி வெட்டிய டெல்மர், தொழிற்பள்ளியில் சுரங்க வேலை கற்றுத்தரும் வாத்தியார் வேலை கேட்டு வந்திருந்தார்.

"பட்டம் வேணாம் சார். வேலை பாத்த கம்பெனி அனுபவக் கடிதம் தரணும், அதுதான் விதி," என்றாள் அலுவலகத்து ரோண்டா.

"கம்பெனி திவாலாயிடுச்சு. மொதலாளி புளோரிடாவுல மீன் புடிச்சிட்டிருக்கான். நீயே போய் வாங்கிட்டு வாம்மா!"

டெல்மர் இருமிக்கொண்டே தன் நெஞ்சின் எக்ஸ்ரே படத்தை மேசையில் போட்டார். நுரையீரல் முழுக்கக் கரித்தூள் அரித்த தழும்புகள். "இருபது வருசமும் இதுல இருக்கும்மா."

ரோண்டா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அனுபவத்துக்கு இது போதும் சார். ஆனா வாத்தியாருக்கு உடல்தகுதியும் வேணுமே. இதைப் பாத்தப்புறம் எப்படி எடுப்பாங்க?"

டெல்மர் படத்தைச் சுருட்டிக்கொண்டார்.

"கரி வெட்ட எறக்குனப்போ ஒருத்தனும் என் நெஞ்சைப் பாக்கலியே," என்றார்.